செத்த இருங்க, வாரேன்

காலியாகக் கிடக்கிற பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிற ஆளைக் கண்டால் எனக்கு ஆகாது. பாதி ஆயுளைக் கண்டக்டர் வேலையில் கழித்தவன் நான். கூட்டம் பிதுங்கும்போது அரை சீட்டுக்கு அடித்துக்கொள்வார்கள், அது நியாயம். கூட்டமெல்லாம் இறங்கிப் போன பிறகும் ஒருவன் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தால், அவனை என்ன செய்வது? எனக்கு விசிலை அவன் காதுக்குள்ளேயே ஊத வேண்டும்போல் வரும்.

அண்ணாச்சி அப்படிப்பட்ட ஆள். ராஜபாளையத்தில் ஏறுவார், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டிக்கெட் வாங்குவார், பின்படிக்கட்டுக்கு மேலேயே நின்றுகொள்வார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் படியில்.

"அண்ணாச்சி, சீட்டு பூராம் காத்து வாங்குது. உக்காந்தா என்ன?"

"இருக்கட்டும் தம்பி. செத்த நேரத்துல எறங்கிருவேன்."

"ஸ்ரீவில்லிபுத்தூர் இன்னும் எம்புட்டுத் தூரம் கெடக்கு!"

"எறங்கத்தான போறோம்."

கிட்டப் போனால் பிராந்தி வாடையும் அதை மறைக்கப் போட்ட மிட்டாய் வாடையும் சேர்ந்து அடிக்கும். நானே ஏலக்காயை மென்றுகொண்டு டிக்கெட் கிழித்தவன்தான். பாம்பின் கால் பாம்பறியும். அதனால் அவர்மேல் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அதற்குப் பிறகு அவரைப் பார்த்தது பஸ்ஸில் அல்ல. வத்திராயிருப்பு டிரிப்பில் நான் டிக்கெட் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிப்போய், சஸ்பெண்ட் ஆகி, பெரிய ஆஸ்பத்திரியில் கை நடுக்கம் நிற்கும்வரை படுத்துக் கிடந்தேன். அங்கிருந்து என் வீட்டுக்காரி என்னை நேராக அந்த இயற்கை மருத்துவ இல்லத்தில் கொண்டுபோய்த் தள்ளினாள். ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையைப் பார்த்துப் போகிற ரோட்டில், மாந்தோப்புக்குள் இருந்தது. குடியை விட்டவர்கள், மாத்திரையை விட்டவர்கள், விடப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் என்று ஒரு கூட்டம். உள்ளே நுழைந்தால் வராந்தாவில் இருக்கிற அத்தனை நாற்காலியையும் விட்டுவிட்டு, தூணில் சாய்ந்து ஒரு ஆள் நிற்கிறார். அண்ணாச்சி.

"டிக்கெட் டிக்கெட்" என்றார் என்னைப் பார்த்து. சிரிப்பு வரவில்லை எனக்கு.

அந்த இல்லத்தின் வைத்தியத்தைச் சொல்லிவிட வேண்டும். விடியும் முன்னே எழுப்பி அருகம்புல் சாறு. பிறகு மூச்சுப் பயிற்சி. பிறகு புற்றுமண்ணைக் குழைத்துத் துணியில் பட்டி போட்டு வயிற்றிலும் கண்ணிலும் வைத்துப் படுக்கப் போடுவார்கள். அதன்பிறகு வெண்பூசணிச் சாறு. வெண்பூசணி எங்கள் ஊரில் திருஷ்டி கழித்து ரோட்டில் உடைக்கிற காய். அதைக் குடிக்க வைத்தார்கள். "உடம்பு முதல்ல அடங்கணும், மனசு தன்னால பின்னாடி வரும்" என்பார் டாக்டரம்மா. அந்த இல்லத்தை நடத்தியவர் அவர். கோபமே வராத மனுஷி. அதனாலேயே எனக்கு அவரைக் கண்டால் எரிச்சலாக இருக்கும்.

எங்கள் உடம்பெல்லாம் ஒருவழியாக அடங்கியது. அண்ணாச்சியின் உடம்புதான் அடங்கவில்லை. கண்ணில் மண்பட்டியோடு எழுந்து நடந்து, தூணில் முட்டிக்கொண்டு, வராந்தா முழுக்கச் சேறாக்குவார். சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்த கையோடு எழுந்துவிடுவார். "செத்த இருங்க, வாரேன்." எங்கே போகிறார், எதற்குப் போகிறார் என்று யாருக்கும் தெரியாது. திரும்பி வரும்போது கையில் ஒரு முருங்கைக்கீரைக் கொத்து இருக்கும், அல்லது மோட்டார் ஓடுகிறது என்று ஒரு தகவல் இருக்கும். மறுபடி உட்காருவார். ரசம் ஊற்றுவதற்குள் மறுபடி எழுந்துவிடுவார்.

எங்களோடு ஒரு பிட்டர் இருந்தார். நூல் மில்லில் பிட்டர் வேலை, அதனால் அதுவே பெயர். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். "கூசோ, அண்ணாச்சி, கூசோ" என்று உட்காரச் சொல்லிக் கெஞ்சுவார். கடைசியில் இல்லம் முழுக்க அதுவே வழக்காகிவிட்டது. அவர் எழுந்தால் போதும், சமையல்கட்டிலிருந்துகூட "கூசோ!" என்று சத்தம் வரும். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே போவார். போகிற கால் போய்க்கொண்டேதான் இருக்கும்.

நான் சும்மா இருப்பேனா? "அண்ணாச்சி பொறந்ததே நின்னுக்கிட்டுத்தான் போல" என்பேன். அதற்கும் சிரிப்பார். எதற்கும் கோபப்படாமல் சிரிக்கிறவனை ரொம்ப நேரம் கேலி செய்ய முடியாது. நமக்குத்தான் அசிங்கமாக இருக்கும்.

ஒருநாள் சிரிப்பு நின்றது. மூச்சுப் பயிற்சி முடிந்ததும் சவாசனம். எல்லோரும் வரிசையாகப் பாயில் மல்லாந்து, கையைக் காலை விரித்து, கண்ணை மூடி, அசையாமல் கிடக்க வேண்டும். எனக்குப் பிடித்த ஒரே ஆசனம் அது. மேலே மலைக்காற்று, மாவிலைச் சத்தம், தூக்கம் கண்ணைச் சொக்கும் நேரம். திடீரென்று ஒரு அலறல்.

"எந்திரிங்க! எல்லாரும் எந்திரிங்க! ஏலே, எந்திரிலே!"

அண்ணாச்சி வரிசையில் ஓடி ஓடி ஒவ்வொருவர் தோளையும் பிடித்து உலுக்குகிறார். பிட்டரின் கன்னத்தில் அறையே விழுந்தது. நான் எழுந்து கெட்ட வார்த்தை சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். அவர் எங்களைப் பார்க்கவில்லை. எங்கள் இடத்தில் வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா வந்து, "எல்லாரும் உயிரோடதான் இருக்காங்க அண்ணாச்சி. ஒவ்வொருத்தர் கையா தொட்டுப் பாருங்க, சூடா இருக்கும்" என்றார். அவர் ஒவ்வொருவர் கையாகத் தொட்டுக்கொண்டு போனார். என் கையைத் தொட்டபோது அவர் விரல் சில்லிட்டிருந்தது.

அன்றைக்கு மத்தியானம் டாக்டரம்மா அவருக்கு வைத்தியத்தை மாற்றினார். "நீங்க படுக்க வேண்டாம், கண்ணை மூட வேண்டாம், உக்காந்து தியானம் பண்ணவும் வேண்டாம். தோப்புல மாங்கன்னுக்குத் தண்ணி ஊத்துங்க. நடக்கும்போது கால் தரையில படுறதைக் கவனிங்க, மூச்சைக் கவனிங்க. மத்தவங்க சவாசனத்துல கெடக்கும்போது நீங்க நின்னு காவல் பாருங்க." ஓடுகிற குதிரைக்கு ஓட்டமே மருந்து என்று அந்த அம்மாள் நினைத்தாரோ என்னவோ. என்னையும் அவரோடு குடம் தூக்கச் சொன்னார். எனக்கு எதற்கு இந்தத் தண்டனை என்று முணங்கிக்கொண்டே தூக்கினேன்.

குடம் தூக்கி நடக்கும்போதுதான் அவர் பேசினார். உட்கார்ந்து கேட்டிருந்தால் சொல்லியிருக்கவே மாட்டார்.

எங்கள் பக்கம் பட்டாசு ஆலையை பயராபீஸ் என்றுதான் சொல்வோம். அண்ணாச்சி ஒரு பயராபீஸில் வேலை பார்த்தார். தங்கச்சியையும் அவர்தான் அங்கே சேர்த்துவிட்டார். தங்கச்சி என்றால் அவர் தூக்கி வளர்த்த பிள்ளை, வயதில் அவ்வளவு சின்னவள். கல்யாணமாகி வன்னியம்பட்டியில் வாழ்ந்தாள், கைக்குழந்தை ஒன்று. சரவெடி பின்னுவாள்.

"ரூமுல வாசலப் பாத்து உக்காரணும்னு சட்டம் தம்பி. வாசல் பக்கம் நான் இருந்தேன். தண்ணி தவிச்சுச்சு. அவளுக்கும் கொண்டுட்டு வருவோம்னு எந்திரிச்சேன். 'நானும் வாரேண்ணே'ன்னா. 'நீ எதுக்கு வெயில்ல அலையுத? செத்த இரு, வாரேன்'னேன்." குடத்தைத் தோள் மாற்றினார். "குழாயத் தெறந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பிப் பாத்தா ரூமே இல்ல."

மறுபடி தண்ணீர் மோந்துகொண்டு வந்தோம்.

"அதுக்குப் பொறவு எங்க உக்காந்தாலும் எந்திரி எந்திரிங்குது தம்பி. உடம்பு சொல்லுது. குடிச்சா செத்த நேரம் சும்மா இருக்கும். பொறவு குடிச்சாலும் கேக்கல, தூக்க மாத்திரையும் சேத்துப் போட்டேன். அதுவும் கேக்கல."

எழுந்ததால் பிழைத்த மனிதர். எழுந்ததாலேயே தினம் தினம் செத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் அவரை எத்தனை முறை அதட்டியிருப்பேன்!

மாப்பிள்ளை வந்தது அந்த ஆனி மாதத்தில். தங்கச்சி புருஷன். மெலிந்த உடம்பு, அதிகம் பேசாத ஆள். பைக்கை விட்டு இறங்கி, தோப்பு வாசலிலேயே நின்று பேசினார்.

"மச்சான், ஆவணியில பாப்பாவுக்குக் காது குத்து வச்சிருக்கேன். அஞ்சு வயசாச்சு. ஒத்தப்படை வயசுல குத்தணும், இத விட்டா பொறவு ஏழுதான். பள்ளிக்கூடத்துல பிள்ளைக கேலி பண்ணுதுக. மூளிக் காதோட எத்தன நாளைக்கு அலையும்?"

அண்ணாச்சி தலையைக் குனிந்து நின்றார். மூன்று வயதில் ஒருமுறை காது குத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில்தானே பிள்ளையை உட்கார வைக்க வேண்டும்? அண்ணாச்சி குடித்துவிட்டு வந்து மணையில் உட்கார்ந்தார். ஆசாரி ஊசியைக் கையில் எடுத்தபோது மேளம் கொட்டியது. மேளம் கேட்டதும் பிள்ளையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஊசி பிள்ளையின் கன்னத்தைக் கீறிவிட்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது என்று மாப்பிள்ளை சொல்லவில்லை, அண்ணாச்சிதான் பிற்பாடு சொன்னார்.

"எங்கம்மா உங்க பெரியம்மா மகன் மடியில வச்சுரலாம்ங்காவ. தென்காசியில இருக்காப்ல, அவரும் மாமன் மொறதான். நான்தான் பொறுங்கன்னு சொல்லிருக்கேன். குடிக்காம வாங்க. செத்த நேரம் எந்திரிக்காம உக்காருங்க. அம்புட்டுத்தான் கேக்கேன் மச்சான். உங்களால முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க, நான் ஒண்ணும் வருத்தப்பட மாட்டேன்."

"உக்காருதேன் மாப்ளே" என்றார் அண்ணாச்சி. சொல்லும்போதே வலது கால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

கூடப் பிறந்தவளின் பிள்ளையை இன்னொருவன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினால், அந்தத் தாய்மாமன் அந்த வீட்டுக்கு அதன்பிறகு எந்த முகத்தோடு போவான்? செத்துப்போனவளோடு இருந்த கடைசி ஒட்டும் அறுந்த மாதிரிதான். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். அதனால் அவர் வைத்தியம் எங்கள் வைத்தியமாகிவிட்டது.

இடையில் ஒரு சறுக்கல். ஆடிப்பூரத் தேருக்கு டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். மாப்பிள்ளை வீட்டார் பிள்ளையைத் தேர் பார்க்கக் கூட்டி வருவார்கள், தூரத்திலிருந்தாவது பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். பொழுது சாயும் வரை திரும்பவில்லை. நானும் பிட்டரும் தேடிப் போனோம். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் அங்கேதான் இருந்தது. ரத வீதியில் கால் வைக்க இடமில்லை. கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சுவரோரம், நின்றுகொண்டே போதையில் ஆடிக்கொண்டிருந்தார். அப்போதும் உட்காரவில்லை, அதுதான் கொடுமை.

"பாப்பாவப் பாத்தேன் தம்பி. 'மாமா'ன்னு ஓடி வந்துச்சு. அதோட அப்பத்தா கையப் பிடிச்சு இழுத்துட்டாவ. இழுத்தது சரிதான். நான்னாலும் இழுத்துருப்பேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் வந்ததா, அந்த அப்பத்தாமேல் வந்ததா, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பிராந்திக் கடைமேல் வந்ததா என்று தெரியவில்லை. அந்த வாடை எனக்கும் நாக்கில் ஊறியது, அது வேறு. சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏற்றினோம். பின்படிக்கட்டில் அவர் தொங்கிக்கொண்டு வர, நாங்கள் இரண்டு பேரும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தோம். சீட்டு காலியாகத்தான் இருந்தது.

டாக்டரம்மா திட்டவில்லை. மூன்று நாளைக்குக் கஞ்சியும் எண்ணெய்க் குளியலும் கொடுத்தார். "வழுக்கி விழுந்தா எந்திரிச்சு நடக்கணும். எந்திரிக்கிறதுதான் உங்களுக்கு நல்லா வருமே" என்றார். அண்ணாச்சி அழுதுவிட்டார்.

அதன் பிறகுதான் பூசணிக்காய் வந்தது. யோசனை பிட்டருடையது. சமையல்கட்டிலிருந்து பாப்பா கனத்துக்கு ஒரு வெண்பூசணியைப் பொறுக்கி எடுத்தார். ஒரு பலகையைப் போட்டு அண்ணாச்சியை உட்கார வைத்து, மடியில் காயை வைத்தார். நான் ஆசாரி. கையில் ஊசிக்குப் பதில் ஈர்க்குச்சி. பிட்டர் மேளம், சோற்றுத் தட்டில் கரண்டியால். சுற்றிலும் மற்றவர்கள் நின்று குலவை போட்டார்கள். குடியை விட்ட தடிமாடுகள் கூடிக் குலவை போட்டால் எப்படி இருக்கும்? தோப்பில் இருந்த குரங்கெல்லாம் ஓடிவிட்டது.

முதலில் தட்டை ஒரு தட்டுத் தட்டியதும் எழுந்தார். காயைப் பத்திரமாகப் பலகையில் வைத்துவிட்டு, அதைத் தட்டிக்கொடுத்து, "செத்த இரு, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் உருண்டு புரண்டு சிரித்தோம். பூசணிக்காயிடம் விடை பெற்றுப்போகிற மனிதரை யார் பார்த்திருக்கிறார்கள்? பாதியில் எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. தோப்பின் அந்தக் கோடியில் அவர் திரும்பி நின்று, தனியாகக் கிடந்த காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளாக நாளாக அவர் உட்காரும் நேரம் கூடியது. பலகையை அவரே இடம் மாற்றிப் போட்டுக்கொள்வார். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கக் கூடாது, கதவு இருக்கக் கூடாது, நாலு பக்கமும் வெட்டவெளியாகத் தெரிய வேண்டும். டாக்டரம்மா பக்கத்தில் அமர்ந்து, "கால் தரையைத் தொடுதா? மடியில கனம் தெரியுதா? மூச்சு வந்து போகுதா?" என்று கேட்பார். "தெரியுது, தெரியுது" என்பார் வேர்த்துக் கொட்டியபடி. சில நாள் ஆகும், சில நாள் ஆகாது. கை நழுவிச் சில காய்கள் உடைந்தன. "போகட்டும், திருஷ்டி கழிஞ்சுது" என்று பிட்டர் சாற்றுக்கு எடுத்துப் போய்விடுவார். ஆவணி பிறந்தபோது நான் இரண்டு காதும் குத்தி, கம்மலும் போட்டு, நெல்லிக்காய் மிட்டாய் கொடுக்கிறவரை அவர் மடி அசையவில்லை. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

காது குத்து மகாராஜபுரத்துக்கு அந்தப் பக்கம், கண்மாய்க்கரையில் இருக்கிற அவர்கள் குலதெய்வக் கோயிலில். நாங்கள் ஏழெட்டுப் பேர் வேனில் போனோம். தாய்மாமன் சீர் தூக்க ஆள் வேண்டுமே? அண்ணாச்சி வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். தட்டுகளில் பட்டுப் பாவாடை, பழம், வெல்லம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, சின்னக் கம்மல். ராஜபாளையத்திலிருந்து வேனில் அவர் ஒரு ஓரமாக உட்கார்ந்தே வந்தார். நான் அதைப் பார்க்காத மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

எல்லாம் சரியாகத்தான் போனது. மாப்பிள்ளை வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். கோயில் மண்டபத்துக்குள், மூலையில் கிழக்கே பார்த்து மணை போட்டிருந்தார்கள். முதுகுப் பக்கம் சுவர், ஒரு பக்கம் தூண், வாசல் எட்டத்தில். அண்ணாச்சி ஒரு நொடி தயங்கியதைப் பார்த்தேன். பிறகு உட்கார்ந்தார். பாப்பா அவர் மடியில் ஏறி, பழகிய இடம்போலச் சாய்ந்துகொண்டது. கன்னத்தில் அந்தக் கீறல். ஆசாரி காது மடலில் சந்தனப் பொட்டு வைத்தார். மேளம் கொட்டியது. அண்ணாச்சியின் உதடு அசைந்தது. கால், கனம், மூச்சு என்று சொல்லிக்கொண்டிருப்பார். மேளத்துக்கு அவர் எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் வெளியே சரவெடி வெடித்தது.

வெடி இல்லாத தாய்மாமன் சீர் எங்கள் ஜில்லாவில் உண்டா? குடிகாரன் கொண்டுவந்த சீர் என்று யாரும் வாய் திறந்துவிடக் கூடாது, நம் அண்ணாச்சிக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று பிட்டர் தன் சொந்தக்காரர் கடையிலிருந்து பெரிய சரம் ஒன்றை ரகசியமாகக் கொண்டுவந்திருந்தார். வேனில் அதை என் காலடியில்தான் வைத்திருந்தார். இடி விழுந்த வீட்டிலும் மறு வருஷம் தீபாவளிக்கு வெடி போடுகிற ஊர்க்காரர்கள் நாங்கள். வெடி என்றால் எங்களுக்குச் சந்தோஷம், வெடி என்றால் எங்களுக்குச் சோறு. பூசணிக்காயை வைத்து அத்தனை நாள் ஒத்திகை பார்த்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அவர் தங்கச்சி பின்னிக்கொண்டிருந்தது சரவெடி என்று குடம் தூக்கிக் கேட்டவன் நான், எனக்கும் தோன்றவில்லை.

முதல் வெடிக்கே அண்ணாச்சி எழுந்துவிட்டார். ஆசாரி பின்னால் சாய்ந்தார், சந்தனக் கிண்ணம் உருண்டது. யார் யாரையோ தள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டி ஓடினார். "நான் அன்னைக்கே சொன்னேன்ல! இவன நம்பாதன்னு சொன்னேன்ல!" என்று மாப்பிள்ளையின் அம்மா கத்தினாள். போச்சு, இந்தத் தடவையும் போச்சு என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அடித்துக்கொண்ட கையோடு மணையைப் பார்த்தேன்.

மணையில் பாப்பா இல்லை.

மாப்பிள்ளை ஓடினார், பின்னாலேயே நானும் ஓடினேன். கண்மாய் வறண்டு கிடந்தது. நட்ட நடுவில், மரம் மட்டை எதுவும் இல்லாத வெட்டவெளியில் அண்ணாச்சி நின்றிருந்தார். பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, துண்டால் மூடி, அதன் காதை உள்ளங்கையால் பொத்தியிருந்தார். அவர் உடம்பு முழுக்க நடுங்கியது. கரையில் சரம் இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது. துண்டுக்குள்ளிருந்து பாப்பா எட்டிப் பார்த்து, "மாமா, வெடிதான் மாமா" என்றது.

மாப்பிள்ளையைக் கண்டதும் அண்ணாச்சி பேசினார். மூச்சு வாங்கியதில் வார்த்தை துண்டு துண்டாக வந்தது.

"விட்டுட்டு வரல மாப்ளே. தூக்கிட்டேன். இந்தத் தடவ தூக்கிட்டேன்."

மாப்பிள்ளை அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பொண்டாட்டி செத்த அன்றைக்கு அழுதாரோ என்னவோ, அன்று அந்தக் கண்மாய்க்குள் வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். எனக்கு என்ன வெட்கம்? கொஞ்ச நேரம் கழித்து அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோயில் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"ஏலே! அந்த மணைய எடுத்துட்டு வாங்கலே. ஆசாரியையும் கூட்டிட்டு வாங்க. இங்கதான் காது குத்து!"

"கண்மாய்க்குள்ளயா? சாமி பாக்க வேண்டாமா?" என்று அவர் அம்மா கரையிலிருந்து கேட்டாள்.

"சாமிக்கு இங்க கண்ணு தெரியாதாம்மா?"

மணை வந்தது. எங்கே போட என்று மாப்பிள்ளை கேட்டார். அண்ணாச்சி சுற்றிலும் ஒரு பார்வை பார்த்து ஓர் இடத்தைக் காட்டினார். மாப்பிள்ளையே குனிந்து மண்ணை நிரவிப் போட்டார். மேளக்காரரை வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். அண்ணாச்சி உட்கார்ந்தார், நாங்கள் எட்ட நின்றோம். காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. முதல் காதுக்குப் பிள்ளை சத்தம் காட்டவில்லை. இரண்டாவது காதுக்கு வீறிட்டது. அவர் தோளை நகத்தால் பிராண்டியது. அண்ணாச்சி அசையவில்லை. "முடிஞ்சுது தாயி, முடிஞ்சுது" என்று மட்டும் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா வந்து அவர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் போனாள். பிட்டர் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்று தேம்பிக்கொண்டிருந்தார். அவரைத் தேற்றுவதுதான் பெரும் பாடாகிவிட்டது.

கண்ணீர் காய்வதற்குள் பிள்ளைக்குக் கம்மல் ஞாபகம் வந்துவிட்டது. கரையில் நின்ற மற்ற பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். மடியிலிருந்து வழுக்கி இறங்கி, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டது. ஓரடி போய் நின்று, அவர் பக்கம் திரும்பி விரலை நீட்டியது.

"மாமா, செத்த இருங்க, வாரேன்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் பயந்துபோனேன். பாப்பா ஓடிவிட்டது. கூட்டம் பந்திக்குப் போனது. மாப்பிள்ளை வந்து கூப்பிட்டார். பிட்டர் வந்து கூப்பிட்டார். கடைசியில் நான் போனேன்.

"எந்திரிங்க அண்ணாச்சி. இல போட்டாச்சு."

"பிள்ள இருக்கச் சொல்லிருக்கு தம்பி" என்றார். வலது கால் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தது, கண் கரையைவிட்டு அகலவில்லை. "வந்துரட்டும்."

நானும் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன்.